யூத நோயாளி கேட்டால் அறையில் இருக்கும் சிலுவையை எடுக்கலாமா? அது நம் விசுவாசத்துக்கு அவமரியாதை இல்லையா?

கத்தோலிக்க மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த நர்ஸாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக எடுக்கலாம். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நியூ ஜெர்சியில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய ஒரு மருத்துவமனையில் வேலை. எல்லா அறையிலும் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் இயேசு தொங்கும் உருவம், உண்டு. இடுப்பெலும்பு முறிந்து ஒரு முதியவர் வந்தார், ஆசாரமான யூதர். காலையில் நாற்காலியில் உட்காரவைத்தால் ஜெருசலேம் இருக்கிற கிழக்கே பார்த்து ஜெபிப்பார். சுரூபமும் அதே கிழக்குச் சுவரில்தான். அவர்களுடைய ஜெபத்தில் சில இடங்களில் குனிந்து வணங்க வேண்டும். ஆனால் எதிரே சிலுவை இருந்தால், மனசு கடவுளிடம் இருந்தாலும் குனியக்கூடாது என்பது அவர்களுடைய பழைய சட்டம். தயங்கித் தயங்கித்தான் மகள் இதைச் சொன்னார். பெரியவரோ, "உனக்கு வருத்தம் என்றால் விட்டுவிடு" என்றார்.

துணி போட்டு மூடலாம் என்றாள் என்னோடு டூட்டியில் இருந்த நர்ஸ். எனக்கு அது பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கோயிலில் சிலுவையை மூடுவது வேறு, இது வேறு. பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, சுரூபத்தை அங்கிருந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதை முத்தமிட்டு அலமாரியில் வைத்தார். அவ்வளவுதான்.

"விசுவாசக் குறைவு" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் தினமும் ஜெபமாலை சொல்கிறவள். சாகக் கிடக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்தோமே, அப்போது பாப்பரசர் ஆட்சியில் இருந்த இத்தாலியின் போலோஞா நகரில், ஒரு யூத வீட்டில் வேலை செய்த கத்தோலிக்கப் பணிப்பெண் அதைத்தான் செய்தாள். குழந்தை நோயில் கிடந்தபோது, பெற்றோருக்குத் தெரியாமல். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யூத வீட்டில் வளரக்கூடாது என்பது அங்கே சட்டம். விஷயம் வெளியே வந்து, 1858இல் எட்கார்டோ மொர்த்தாரா என்ற அந்த ஆறு வயதுப் பையனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. பெற்றோர் எவ்வளவு போராடியும் திருப்பித் தரவில்லை. நோய்ப்படுக்கைக்கு எதிரே சிலுவையைப் பார்த்தால் அவர்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும், யோசியுங்கள். படுக்கையில் கிடக்கும்போது மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தால் யூதர்கள் தங்களுக்கென்று மருத்துவமனை தொடங்கியதும் உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைகூட 1852இல் 'யூதர் மருத்துவமனை' என்ற பெயரில் தொடங்கியதுதான்.

எல்லா யூதரும் இப்படிக் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. பலர் சுவரைக் கவனிப்பதே இல்லை. கேட்காதவர் அறையில் நீங்களாகப் போய்க் கழற்றாதீர்கள்.

விசுவாசத்துக்கு அவமரியாதை எது என்று கேட்டால், எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. முன்பு நான் இருந்த இடத்தில், கிறிஸ்துமஸ் இரவு டூட்டி எப்போதும் வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் தலையில்தான் விழும். ஒரு யூத நர்ஸ் "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பூசைக்குப் போ" என்று தானாக முன்வந்தாள். ரோஸ்டர் போடுகிற மேலாளர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், மாற்ற முடியாது என்றுவிட்டார். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாராம்.