வலிப்புக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு எட்டு வயது, 20 கிலோ எடை. லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்பு. எபிலிம், குளோபசாம் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் கொடுத்தும் நடக்கும்போதே தொப்பென்று விழுகிறான். வீட்டுக்குள்ளேயும் ஹெல்மெட் போட்டுத்தான் விடுகிறோம். என் அண்ணன் அடுத்த மாதம் தாய்லாந்தில் இருக்கும் ஹட்யாய் போகிறார். அங்கே கஞ்சா எண்ணெய் கிடைக்குமாம். டாக்டரிடம் சொல்லாமல் நாலு சொட்டு கொடுத்துப் பார்க்கலாமா?
- ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எல்லையில், பாடாங் பெசாரில் பிடிபட்டால் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் பாயும். பிள்ளைக்கு மருந்து என்று சொன்னாலும் எடுபடாது.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி இல்லை. கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி. வலிப்புக்கு உதவுவது கன்னாபிடியோல் என்ற வேறொரு பொருள். அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து நல்லெண்ணெயில் கலந்து செய்த மருந்துதான் எபிடியோலெக்ஸ். உங்கள் மகனுக்கு இருக்கும் அதே வலிப்புக்கும் திராவே என்ற இன்னொரு வகைக்கும் 2018-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு 225 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதிக அளவு மருந்து எடுத்தவர்களுக்கு, விழ வைக்கும் வலிப்பு சுமார் 42 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத திரவம் குடித்தவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்ததையும் சேர்த்தே பாருங்கள். குறைக்கும், அவ்வளவுதான். முழுதாக நிற்பது அபூர்வம்.

மருந்துக் கவுண்டரில் பல வருடம் நின்றவள் நான். எனக்குப் பயம் கஞ்சா என்ற பெயரால் இல்லை, உங்கள் மகன் ஏற்கெனவே சாப்பிடும் இரண்டு மருந்துகளால்தான். கன்னாபிடியோல் சேர்ந்தால், குளோபசாம் உடலில் மாறி உருவாகும் பொருள் ரத்தத்தில் மூன்று மடங்கு வரை ஏறும். பிள்ளை தூங்கித் தூங்கி விழுவான், சாப்பாடு இறங்காது. எபிலிமோடு சேர்ந்தால் ஈரல் பாதிக்கலாம். அதனால்தான் தொடங்கும் முன்பே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பிறகும் தொடர்ந்து பார்ப்பார்கள். டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்தால் இதையெல்லாம் யார் கவனிப்பது?

அளவும் நாலு சொட்டுக் கணக்கில்லை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். கடை பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் 2017-இல் இணையத்தில் விற்ற 84 கன்னாபிடியோல் பொருட்களைச் சோதித்தார்கள். லேபிளில் எழுதியபடி இருந்தவை 26 மட்டுமே. 18 பொருட்களில் டிஎச்சி வேறு இருந்தது.

சட்டத்துக்கு உட்பட்ட வழியும் உண்டு. முறைப்படி பதிவு செய்யப்பட்ட மருந்தாக இருந்தால் மருத்துவத்துக்குப் பயன்படுத்த மலேசியச் சட்டத்தில் தடையில்லை என்று 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆகவே குழந்தைகள் நரம்பியல் நிபுணரிடம் கூச்சப்படாமல் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "கன்னாபிடியோல் இவனுக்குப் பொருந்துமா, முறைப்படி வாங்க வழி உண்டா?" அப்படியே கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறை, நெஞ்சில் பதித்துக் கழுத்து நரம்பைத் தூண்டும் வேகஸ் நரம்புக் கருவி பற்றியும் கேளுங்கள். அவன் விழும் நேரங்களைக் குறித்து வைத்து, போனில் ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒன்று: யார் எந்தப் புது எண்ணெயைச் சொன்னாலும் எபிலிமையும் குளோபசாமையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 999-ஐக் கூப்பிடுங்கள்.