இரண்டு வருடத்தில் வீட்டை விற்கும் எண்ணம். 4-க்கு 7 அடி பாத்ரூமை எப்படி மாற்றினால் நல்ல விலை கிடைக்கும்?

கேட்டவர் கோவைக்காரர், வீடு பதினைந்து வருடப் பழசு, கையில் ஒரு லட்சம் வைத்திருக்கிறார். அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பாத்ரூமை எவ்வளவு அழகாக்கினாலும் வீட்டு விலை ஏறாதுங்க. ஆனால் பாத்ரூம் மோசமாக இருந்தால் விலை கட்டாயம் இறங்கும். நம் பக்கம் தனி வீடு வாங்குகிறவர் போடும் கணக்கு எளிது. சென்ட் என்ன விலை, எத்தனை சென்ட், அதற்கு மேல் கட்டடத்துக்கு வயதைக் கழித்துச் சதுர அடிக்கு இவ்வளவு. இந்தக் கணக்கில் பளபள டைல்ஸுக்கு இடமே கிடையாது. சுவரில் ஓதம் தெரிந்தால் மட்டும் கழித்தல் குறியோடு புதிதாக ஒரு வரி முளைக்கும்.

ஒரே பாத்ரூமை இரண்டு முறை உடைத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். துடியலூர் பக்கம் எங்கள் வீடு, நாலே கால் சென்ட், அப்பா 2004-ல் கட்டியது. பெட்ரூமை ஒட்டிய பாத்ரூம் உங்களுடைய அதே அளவு. 2016-ல் ஏதோ ஒரு ஷோரூமில் பார்த்து மயங்கி, கறுப்பு டைல்ஸ், குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேல் தாம்பாளம் மாதிரி ஒரு ரெயின் ஷவர் எல்லாம் போட்டேன். ஆறு மாதம் ஓட்டல் ரூம் மாதிரி இருந்தது. அப்புறம் போர் தண்ணி தன் வேலையைக் காட்டியது.

கறுப்பு டைல்ஸ் முழுக்க வெள்ளைத் திட்டு. கண்ணாடி மாவு பூசியது போல மங்கிப்போனது. ஷவரில் பாதி ஓட்டை உப்படைத்து, மீதிப் பாதி கண்ட திசையில் பீச்சியது. கறை போக அம்மா மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்த்தார். நம் ஊரில் இது நடக்காத வீடு குறைவு. ஆசிட் உப்பை மட்டும் கரைப்பதில்லை, டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் சிமெண்டையும் சேர்த்துத் தின்னும். இடுக்கு திறந்ததும் தண்ணி கீழே இறங்கும், கீழே தண்ணி இறங்காத கோட்டிங் இல்லையென்றால் பக்கத்துச் சுவரில் ஏறும். என் விஷயத்தில் அது பெட்ரூம் சுவர். கட்டிலை ஒட்டிப் போட்டிருந்ததால் எங்களுக்கே தெரியவில்லை.

2021-ல் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளுக்காக வீடு பார்க்க வந்தார். பாத்ரூமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பெட்ரூமுக்குப் போய்க் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினார். “ஏனுங்க தம்பி, செவுரு ஓதம் அடிச்சாட்ட இருக்குதுங்களே?” என்றார். விலையில் மூன்று லட்சம் குறைத்துக் கேட்டார். சரி செய்ய ஒரு லட்சம்கூட ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச்சு அதோடு முறிந்தது.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் ஒட்டுக்கா பெயர்த்துவிட்டு மறுபடி செய்தேன். 85,000 ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வேலை.

பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டிவிடலாம், சீக்கிரம் முடியும் என்று மேஸ்திரி சொல்வார். விடாதீர்கள். தரையைத் தோண்டுங்கள். பழைய இரும்புப் பைப் இருந்தால் உள்ளே உப்புப் படிந்து விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். வெந்நீருக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி போட்டு, சுவரைப் பூசும் முன் லைனில் பிரஷர் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனி லைன் வையுங்கள். குழாயில் வரும் குடிதண்ணி சிறுவாணியா பில்லூரா என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் வீடு வாங்குவதில்லை. வாஷ்பேசினில் நல்ல தண்ணி வந்தால் அங்கேயே ஒரு மதிப்பு வந்துவிடும்.

அடுத்தது வாட்டர் ப்ரூஃப் கோட்டிங். தரை முழுக்க இரண்டு பூச்சு, சுவரில் ஒரு அடி உயரத்துக்கு, குளிக்கும் பக்கம் மட்டும் ஆறு அடி வரை. காய்ந்த பிறகு தண்ணி போகும் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணி கட்டி 48 மணி நேரம் அப்படியே விடச் சொல்லுங்கள். “ரெண்டு நாள் பொழப்புப் போயிருமுங்க” என்று எங்கள் கொத்தனார் முகத்தைத் தூக்கினார். அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்துத்தான் நிறுத்திவைத்தேன். உங்கள் பாத்ரூம் மாடியில் என்றால் இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. கீழ் வீட்டுச் சீலிங்கைப் பார்த்தாலே பாஸா பெயிலா தெரிந்துவிடும். வாட்டம் ஏழு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இருந்தால் போதும். டைல்ஸ் ஒட்டிய பின் ஒரு சொம்புத் தண்ணி ஊற்றி, எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிக் கூலி.

டைல்ஸ் இடுக்கில் அடைக்க எபாக்ஸி என்ற ரெசின் கலவைதான். சிமெண்ட் குரௌட்டைவிட விலை அதிகம், அடைப்பதற்கும் கூலி கூடக் கேட்பார்கள். ஆனால் ஆசிட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் ஆசிட் ஊற்றத்தான் போகிறார்.

டைல்ஸ் கணக்கைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். தரை 28 சதுர அடி. சுவர் ஏழு அடி உயரம் வரை என்றால், கதவைக் கழித்து 136 வரும். வெட்டுச் சேதாரமும் சேர்த்து 180 வாங்கினால் சரியாக இருக்கும். நிறம் கிரீம் அல்லது வெளிர் சாம்பல், உப்பு தெரியாது. தரைக்கு வழுக்காத மேட் ரகம். பூப்போட்ட பட்டை, கடல் படம், மீன் படம் எல்லாம் வேண்டவே வேண்டாம். உங்களுக்குப் பிடித்த மீன் வாங்க வருகிறவருக்குப் பிடிக்காது.

கண்ணாடித் தடுப்புக்கு நாலடி அகலத்தில் என்ன வேலை? வாசலை ஒட்டி வாஷ்பேசின், நடுவில் கிளாசெட் (வெஸ்டர்ன் டாய்லெட்), ஜன்னல் பக்கம் குளிக்கும் இடம் என்று வரிசையாக வைத்து, குளிக்கும் இடத்தை அரை அங்குலம் தாழ்த்தி நடுவில் ஒரு கிரானைட் பட்டை கொடுத்தால் போதும், தண்ணி இந்தப் பக்கம் வராது. கிளாசெட்டை மட்டும் இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் நாலு அங்குலப் பைப்பையும் வாட்டத்தோடு நகர்த்த வேண்டும், ஒரு லட்சத்தில் பாதி அதற்கே போய்விடும். புது கிளாசெட் வாங்கும் முன் பின்சுவரிலிருந்து பைப் வாயின் நடுப்புள்ளி வரை அளந்துகொண்டு போங்கள். இது தெரியாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சுவரில் தொங்கும் கிளாசெட் பார்க்க அழகுதான். அதன் டேங்க் நாலரை அங்குலச் சுவருக்குள் அடங்காது, முன்னால் ஒரு மேடை கட்ட வேண்டும். இருக்கிற நாலடியில் அரை அடியைத் தின்றுவிடும்.

மற்றபடி, மரக் கதவு அடியில் இற்றிருக்கும், கிரானைட் நிலைச்சட்டமும் பிவிசி கதவும் போட்டுவிடுங்கள். இடம் இருந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்பக்கம் திறக்கும் கதவை, வயசானவர்கள் உள்ளே விழுந்து கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. ஹீட்டர் சுவிட்ச் வெளியே இருக்க வேண்டும், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

வாஸ்து எனக்கு நம்பிக்கையில்லாத சங்கதி. வாங்க வருகிறவருக்கு உண்டு, அவர் கூட்டிவரும் மாமனாருக்கு இன்னும் உண்டு. பாத்ரூம் சனி மூலையில், அதாவது வடகிழக்கில், இருந்தால் ஒரு லட்சம் செலவழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒழுகல் மட்டும் சரி செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு மூலையென்றால் கிளாசெட் வடக்கு தெற்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பில் எல்லாம் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கில் வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்க இடமுண்டு. வெறும் ரிப்பேர் அதில் சேராது. எது சேரும் என்று ஆடிட்டரிடம் வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். டைல்ஸில் ஒரு பெட்டி எடுத்துப் பரணில் போடுங்கள். சுவரைப் பூசும் முன் ஒவ்வொரு பைப்புக்கும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள்.

அந்தப் போட்டோதான் எனக்கு வீட்டை விற்றுக் கொடுத்தது என்றே சொல்வேன். 2023-ல் திருப்பூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அந்த அம்மா பாத்ரூமில் நின்று, “கண்ணாடி வெக்கலீங்களா?” என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் வீட்டுக்காரர் தண்ணி கட்டிய படம், பைப் படம் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். சுவரையும் தடவிப் பார்த்தார். நாங்கள் சொன்ன விலையில் அட்வான்ஸ் கொடுக்கும்போது ஐம்பதாயிரம் மட்டும் குறைத்தார், அது வழக்கம்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், பழைய இந்தியன் கக்கூஸ் இருந்தால் இடிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதையும் பக்கத்தில் இருந்த வேம்பாவையும் (வெந்நீர் காய்ச்சும் பாத்திரம்) இடம் அடைக்கிறது என்று எடுத்துவிடப் பார்த்தேன், அம்மா விடவில்லை. கடைசியில் அந்தத் திருப்பூர்க்காரரின் ஆத்தா வீடு முழுக்கச் சுற்றிவிட்டுப் பொடக்காளிக்கு வந்துதான் முகம் மலர்ந்தார். “வேம்பாவையும் உட்டுட்டுப் போங்க சாமி” என்றார். அம்மா கொடுக்கவில்லை. இப்போது எங்கள் அபார்ட்மெண்ட் பால்கனியில் அதில் மணி பிளாண்ட் வளர்கிறது.