ஊசல் பரிசோதனையில் 10.8 வந்தது ஏன்?

கேள்வி: திருகோணமலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். 1 மீற்றர் நீளமுள்ள எளிய ஊசலின் 20 அலைவுகளுக்கு 38.2 செக்கன் எடுத்தது. கணக்கிட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.8 வருகிறது. குண்டை அதிகமாக இழுத்துவிட்டதுதான் காரணமா?

பதில்: இல்லை. வீச்சம், அதாவது குண்டு நடுவிலிருந்து விலகும் அளவு, கூடினால் அலைவுகாலம் (ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரம்) சற்று நீளும். அப்போது உங்கள் விடை குறைந்திருக்க வேண்டும். 30 பாகைவரை இழுத்தாலும் அந்த நீட்சி 1.7 சதவீதம் அளவுதான்.

நீங்கள் எண்ணிய விதத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று தொடங்கினால், ‘இருபது’ என்னும்போது முடிந்திருப்பவை 19 அலைவுகளே. 38.2ஐ 19ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.01 செக்கன். அதிலிருந்து 9.77 கிடைக்கும். திருகோணமலையில் கடல்மட்டத்தில் உண்மையான பெறுமானம் ஏறத்தாழ 9.78! சூத்திரத்தில் அலைவுகாலம் வர்க்கமாக வருவதால், ஒரேயொரு அலைவு பிசகியதற்கு விடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் பிழை ஏறிவிட்டது. இனி ‘பூச்சியம்’ என்று தொடங்குங்கள். அதுவும் குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது. அங்கே வேகம் உச்சம் என்பதால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் அது தயங்கித் திரும்பும்.

வீச்சம் பற்றிய உங்கள் ஐயம் நல்ல ஐயம். வீச்சம் மாறினாலும் அலைவுகாலம் மாறாத அலைவான எளிமை இசை இயக்கத்துக்கு ஒரே நிபந்தனைதான்: ஆர்முடுகல் எப்போதும் நடுப்புள்ளியை நோக்கி, இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதசமமாக இருக்க வேண்டும். இருமடங்கு தூரம் இழுத்தால் ஆர்முடுகலும் இருமடங்காகும். ஆகவே நீண்ட பாதையும் அதே நேரத்தில் முடிந்துவிடும். ஊசலை மீட்கும் விசையோ கோணத்தின் சைனைப் பொறுத்தது. சிறிய கோணங்களில் சைனும் ஆரையனில் அளந்த கோணமும் கிட்டத்தட்ட ஒன்று. கோணம் பெரிதாகும்போது சைன் பின்தங்குகிறது, விசை போதாமல் அலைவு தாமதமாகிறது. 5 பாகைக்குள் நின்றுகொண்டால் கவலையே இல்லை.

கடற்காற்று வரும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். குண்டு வட்டமடிக்கத் தொடங்கினால் அந்த அளவீட்டைக் கைவிடுங்கள்.

நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்க வேண்டும். நூலை மட்டும் அளந்திருந்தாலும் பாதகமில்லை: நீளத்துக்கு எதிராக அலைவுகாலத்தின் வர்க்கத்தை வரைந்தால் படித்திறன் (கோட்டின் சாய்வு) மாறாது, கோடு மட்டும் உற்பத்தியை, அதாவது அச்சுகள் சந்திக்கும் புள்ளியை, தவறவிடும். எண்ணும் பிழையை வரைபு இப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு நீளத்துக்கும் அதே பிழை நேர்ந்திருந்தால், கோடு உற்பத்தியூடாக நேராகவே செல்லும். படித்திறன்தான் தவறாக இருக்கும். ஆகவே வரைபு அழகாக வந்துவிட்டது என்று பழைய வாசிப்புகளை வைத்துக்கொள்ளாமல், எல்லா நீளங்களுக்கும் மீண்டும் நேரம் எடுங்கள்.