மகன் வர மறுத்தால் முதலில் நீங்கள் வாருங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 22 வயது, பிறையில் தொழிற்சாலை வேலை. ஒரு வருடமாகச் சியாபு என்ற போதைப்பொருள் (மெத்தாம்ஃபெடமின்) எடுக்கிறான். மூன்று நாள் தூங்காமல் அலைவான், அப்புறம் இரண்டு நாள் எழுப்பினாலும் எழமாட்டான். வெளியில் திருடிவிடக் கூடாதே என்று நானே பணம் கொடுக்கிறேன். ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், அவன் வாங்கிய 3,000 வெள்ளியை என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். வேலைக்குப் போகாத நாளில் சூப்பர்வைசரிடம் காய்ச்சல் என்று சொல்வதும் நான்தான். வீட்டுக்காரர் அவனைத் துரத்து என்கிறார். சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறான். எனக்கும் மூன்று மாதமாகத் தலைசுற்றல். நான் வளர்த்ததில்தான் தப்பா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பியில் ஒருவன் இதில் விழுகிறான், இன்னொருவன் விழுவதில்லை. உடல்வாகு, நண்பர்கள், இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட யாரோ நீட்டியது என்று பல காரணங்கள் சேர்கின்றன. செய்வினையும் இல்லை. நீங்கள் சொல்லும் தூங்காத மூன்று நாளும் அடித்துப்போட்ட இரண்டு நாளும் சியாபு மூளையில் செய்யும் வேலை. மகிழ்ச்சியைத் தரும் டோபமின் என்ற பொருளை அது ஒரேயடியாகக் கொட்டச் செய்கிறது. வேகம் இறங்கியதும் தூக்கம், பசி, எரிச்சல், வாழ்க்கையே வேண்டாம் என்ற சோர்வு எல்லாம் வரிசையாக வரும்.

அவன் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிகாரர்களின் குடும்பத்தார் 130 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. எல்லோரும் கூடிக் குடிப்பவரை உட்காரவைத்துக் கண்டிக்கும் முறையில் 30 விழுக்காட்டினர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டில் எப்படிப் பேசுவது, எதற்கு உதவுவது, எதில் கையை விலக்கிக்கொள்வது என்று குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்த முறையில் 64 விழுக்காட்டினர் வந்தார்கள். போதைப்பொருள் எடுப்பவர்களின் குடும்பங்களிலும் இந்த முறை பிறகு நல்ல பலன் தந்தது. 'அடிபட்டால் தானே திருந்துவான்' என்று காத்திருக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, வீட்டில் என்ன மாற்றலாம்? சோறு போடுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். பஸ்ஸுக்கு வேண்டுமென்றால் பஸ் கார்டில் பணம் ஏற்றுங்கள். சூப்பர்வைசரிடம் இனி அவனே பேசட்டும். வேலை போய்விடுமே என்று உங்களுக்குப் பதறும், தெரிகிறது. ஆனால் சியாபு அவனிடமிருந்து எடுத்துக்கொள்வதையெல்லாம் நீங்கள் உடனுக்குடன் ஈடுகட்டிவிட்டால், அதன் விலை அவன் கண்ணில் படவே படாது. அடுத்த கடனை அடைக்கவும் நகை எடுக்காதீர்கள். ஆலோங் ஆட்கள் வாசலில் வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள்.

போதையில் இருக்கும்போது ஒன்றும் பேச வேண்டாம். அவன் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, முகம் தெளிந்து உட்காரும் நேரம் ஒன்று இருக்குமே, அப்போது பேசுங்கள். "நீ ஏன் இப்படி ஆனாய்?" என்று ஆரம்பித்தால் அவன் எழுந்து போய்விடுவான். "ராத்திரி நீ வரலேன்னு நான் தூங்கலப்பா. இன்னைக்கு நீ கூட உக்காந்து சாப்பிடுறது எனக்கு நிம்மதியா இருக்கு. டாக்டர்கிட்ட போகணும்னு தோணினா சொல்லு, நானும் வர்றேன்." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போதை இல்லாத நாட்களில் அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், கூட உட்காருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. போதையில் வந்தால் ஊரே கூடிக் கத்தும், தெளிந்திருந்தால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பேசுவது கோபம் மாதிரி தெரிந்தாலும் அது அவமானமும் துக்கமும்தான். அவரையும் கூட்டிவாருங்கள். இந்த நிலையில் துரத்துவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவன் கை ஓங்கினால் கதை வேறு. சியாபு நாள்பட்டால் சந்தேகம் வரும், காதில் குரல் கேட்கும், யாரோ கொல்ல வருகிறார்கள் என்பான். அப்போது வாதாடாதீர்கள், மடக்கிப் பிடிக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களோடு வெளியே போய் 999-ஐ அழையுங்கள். சாக வேண்டும் என்று அவன் சொன்னாலும் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மெத்தடோன் கொடுத்தால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். 2005-இலிருந்து நம் மலேசியாவில் கொடுக்கப்படும் அந்த மருந்து ஹெராயின் வகைக்கு. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது, ஆலோசனையும் நடத்தைச் சிகிச்சையும்தான் முதுகெலும்பு. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரலாம். தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யையும் நாடலாம். போதைப்பொருள் எடுப்பது சட்டப்படி குற்றம்தான். 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அதனால்தான் வீடே வாயை மூடிக்கொள்கிறது. ஆனால் தானே முன்வந்து சிகிச்சை கேட்பவருக்கு, போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி உண்டு.

இதைப் படிக்கும் வேறு சில தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையின் பிரச்சினை தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயமோ பீரோ அதிகமாகக் குடிப்பது என்றால், வீட்டில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, சித்தப்பிரமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அம்மா, உங்கள் தலைசுற்றலைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான். மனசு தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். என்னைப் பார்க்க வரும்போது ஒரு சின்ன நோட்டில் அவன் தூங்காத நாட்கள், தூங்கிய நாட்கள், தெளிந்து உங்களோடு பேசிய நேரங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தெளிந்த நேரங்களை வைத்துத்தான் நாம் திட்டம் போடப்போகிறோம்.