முதல் முறையாக ஓட்டப் போட்டியில் ஓடப்போகிறவர்கள், எதை நினைத்து அவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறீர்கள்?

வரும் டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில், 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட நான் ஓடியதில்லை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பணம் கட்டிய அன்று என் மாமியார் கேட்டார்: "தெனமும் ரேஸ்கோர்ஸுல சும்மாத்தானே ஓடறே அம்மிணி, அதுக்கு எதுக்குக் காசு கட்டோணும்?"

"கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி சேர்க்கத்தானுங்கத்தை இந்த ஓட்டத்தையே நடத்தறாங்க" என்றேன். அது உண்மைதான். 2013இல் இருந்து அதற்காகத்தான் நடக்கிறது. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கே தெரிந்தது. நாலைந்து நாள் யோசித்தேன்.

ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நாலு சுற்று ஓடினால் பத்து. ஜூலையில் ஆரம்பித்தபோது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒரே சுற்றுதான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற எல்லா அறிவுரையையும்விட அதுதான் எனக்கு உதவியது. ஆகஸ்டில் உற்சாகம் மிகுந்து ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது, எலும்பும் தசைநாரும் பழக அதிக நாள் எடுக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். அக்டோபர் கடைசியில் நாலு சுற்றும் நிற்காமல் ஓடினேன். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம்.

அப்படியானால் தூரம் ஏற்கெனவே முடிந்த கதைதானே, இன்னும் எதற்குப் போட்டி?

விடியற்காலை ஐந்தே காலுக்கு நான் வீட்டை விட்டு இறங்கும்போது தெரு இருட்டாக இருக்கும். காதில் பாட்டு போட மாட்டேன். பின்னால் பைக் சத்தம் கேட்டால் ஓரமாக நின்று, அது தாண்டிப் போன பிறகுதான் மறுபடி ஓடுவேன். கைபேசி கையிலேயே இருக்கும். தனியாக ஓடும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையே சொல்வாள். போட்டியன்று அதே நேரத்தில் வண்டிகளை நிறுத்தி எங்களுக்காகச் சாலையைத் திறந்து விடுவார்கள். என்னோடு ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுவார்கள். திரும்பிப் பார்க்காமல், நட்டநடுச் சாலையில் ஓடப்போகிறேன். நான் எண்ணிக்கொண்டிருப்பது அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான்.

இன்னொன்று, சட்டையின் முன்பக்கம் ஊக்கால் குத்தப்போகும் என் எண் அட்டை. 1967இல் கேத்ரின் ஸ்விட்சர் என்ற மாணவி கே.வி. ஸ்விட்சர் என்று பெயர் பதிந்து பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். பெண் ஓடுகிறாள் என்று கண்டதும் போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து, அவர் உடையில் இருந்த 261 என்ற எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்கவில்லை, ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி ஓட அனுமதித்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான். பி.டி. உஷா தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே, அதே லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக். நான் பிறந்ததும் அந்த வருடம்தான். ஒரு பெண்ணுக்கு இந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. நாலு ஊக்கு எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

அந்த எண் அட்டையிலேயே நேரம் கணக்கிடும் சிப்பும் ஒட்டியிருக்குமாம். புறப்படும் இடத்து விரிப்பை நாம் மிதிக்கும் நொடியில்தான் நம் கணக்கு தொடங்கும். எனவே கூட்டத்தில் முன்னால் நிற்க இடிபட வேண்டியதில்லை, பின்னாலேயே நிற்கப்போகிறேன். முதல் கிலோமீட்டரில் கூட்டத்தின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், அங்கே அடக்கி ஓடு என்று அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு மாதம் போட்டுப் பழகிய ஷூதான். இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு பூவன் பழம், கொஞ்சம் தண்ணீர். பத்து கிலோமீட்டருக்கு உடம்பில் இருக்கும் சத்தே போதும், வழியில் எதுவும் சாப்பிடத் தேவையில்லை.

எண்ணைப் பற்றிய இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அந்த ஆள யாரும் தடுக்கலையா?" என்றார்.

"கூட ஓடின ஒருத்தர் அந்த ஆளைத் தள்ளிவிட்டுட்டாருங்கத்தை."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஓடும் பாதையைக் காட்டச் சொன்னார். கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எட்டாவது கிலோமீட்டரில் விரல் வைத்து, "இங்கெ எத்தன மணிக்கு வருவே?" என்றார்.

"பொறப்பட்டு ஒரு மணி நேரத்துல வந்துருவேனுங்கத்தை."

"செரி. நா அங்கெ நிக்கறேன். என்னையப் பாத்து நின்றாதே, ஓடிட்டே இரு."