முதலில் வெள்ளிக்கிழமையைப் பிடி

தம்பி, வள்ளவிளையிலிருந்து ஏசி மெக்கானிக் வேலைக்கு பஹ்ரைன் வந்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். ஊரில் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை, இங்கே குடி இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, ஆனாலும் டூட்டி, ரூம், போன் என்றே நாள் போகிறது, செபம் எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். நான் மார்த்தாண்டம் பக்கம். என் பிள்ளைகள் பள்ளிப்படிப்பை இங்கேயே முடித்துவிட்டார்கள். அத்தனை காலமாக இங்கே வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். உன்னுடைய கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. நீ கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நீ கடற்கரைப் பிள்ளை, உனக்கு இது தெரியும். கரை தெரியாத ஆழக்கடலில் எஞ்சினை நிறுத்தினால் படகு நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத்தான் இருக்கும். தண்ணீரும் சேர்ந்தே நகர்வதால் ஒன்றும் தெரியாது. ஜிபிஎஸ்ஸைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று புரியும். எபிரேயர் திருமுகம் ஆறாம் அதிகாரத்தில் நம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று சொல்லியிருப்பதை நம்ம ஊர்க்காரன் வாசிக்கிறபோது அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. கெட்டது எதுவும் செய்யவில்லையே என்று நீ ஆறுதல் பட்டுக்கொள்ளாதே. புயல் அடித்தால் எல்லோரும் செபிப்பார்கள். காற்றே இல்லாத நாளில்தான் இழுத்துக்கொண்டு போகும்.

ஊரில் உன் விசுவாசத்தைப் பாதிக்கு மேல் ஊர்தான் சுமந்தது. கோயில் மணி எழுப்பியது. சாயங்காலம் அம்மா செபமாலைக்குக் கூப்பிட்டாள். தெருமுனைக் குருசடியைக் கடக்கும்போது கை தானாக நெற்றிக்குப் போனது. திருநாளுக்குக் கொடியேறினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்தாய். ஒரு ஞாயிறு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே கேட்க ஆள் கிடையாது. அதனால் ஊர் செய்துகொண்டிருந்த வேலையை இனி நீதான் செய்தாக வேண்டும். பக்தி தானாக ஊறி வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதே. நேரத்தைக் குறி, அந்த நேரத்தில் ஆளைச் சேர். உணர்வு பின்னால் வரும்.

முதலில் வெள்ளிக்கிழமை. இங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஞாயிறு போய்விட்டதே என்று மனம் சோர்ந்து பலர் நின்றுவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. இங்குள்ள கோயில்களில் வெள்ளிக்கிழமையே ஞாயிறு வழிபாட்டை நடத்துகிறார்கள். மனாமாவில் திரு இருதய ஆலயம் 1939 முதல் இருக்கிறது. அன்றைய ஆட்சியாளரே நிலம் கொடுத்துக் கட்டிய கோயில் அது. அவாலியில் அரபு நாட்டு அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த வருடம் நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸே இங்கே வந்தார். தமிழ்ப் பூசை உண்டு, நேரத்தை மட்டும் கோயிலில் கேட்டுக்கொள். ஷிப்ட் இடித்தால் மலையாளப் பூசைக்குப் போ. உங்கள் ஊர் அரசாங்கக் கணக்கில் தமிழ்நாடு, கோயில் கணக்கில் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம். இரண்டு மொழியையும் கேட்டு வளர்ந்த உனக்கு அதில் என்ன சிரமம்? காஸ்வே என்கிற கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சவூதியில் கோயிலே கிடையாது. அங்கிருப்பவர்கள் எல்லையில் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு இங்கே பூசைக்கு வருகிறார்கள். நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

ஊர்க் கோயில் பூசையைப் போனில் பார்த்தாலே போதுமா என்றும் கேட்டிருந்தாய். காய்ச்சலில் படுத்திருந்தால் பார். மற்ற நாளில் வேண்டாம். திரையைப் பார்த்தபடி சோறு தின்னலாம், மெசேஜுக்குப் பதில் போடலாம், யாரும் உன்னைக் கவனிக்கப் போவதில்லை. நற்கருணையும் கிடைக்காது. ஆனால் செபமாலைக்குப் போன் நல்ல துணை. ஊரில் எட்டு மணிக்கு அம்மா செபமாலை தொடங்கினால் இங்கே ஐந்தரை. டூட்டி முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருப்பாய். காதில் மாட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து சொல்லு. அம்மாவுக்கும் உன் குரல் கேட்கும்.

தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே இடிந்த கோயிலில் டிலனாயின் கல்லறையைப் பார்த்தாயா? லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, தன்னைச் சிறைபிடித்த திருவிதாங்கூர் ராஜாவுக்கே தளபதியானவர். சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை, 1777இல் நம் மண்ணிலேயே இறந்தார். மொழி வேறு, சாப்பாடு வேறு, சுற்றிலும் அரண்மனை வேலை, பட்டாளம், பதவி. மெல்ல எல்லாவற்றையும் மறந்துவிட அதைவிட வசதியான வாழ்க்கை இருக்க முடியாது. அவர் மறக்கவில்லை. சொத்தும் மாடும் அழிந்து மனமுடைந்திருந்த நீலகண்ட பிள்ளையிடம் யோபுவின் கதையைச் சொன்னார். நட்டாலத்துக்காரரான அந்தப் பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749இல் விலங்கு மாட்டி ஊர் ஊராக இழுத்தார்கள். 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் என்று அறிவித்தபோது நாங்கள் இங்கே போனைச் சுற்றிக் கூடி நின்று அழுதோம்.

பார், அவர் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழு வருடத்துக்குள். அதில் கடைசி வருடங்கள் விலங்கோடு. மணியோசையும் திருநாளும் தாங்கிப் பிடித்த விசுவாசமல்ல அது. அது தொடங்கியதுகூட, வேற்று நாட்டில் மாட்டிக்கொண்ட டிலனாய் தன் செபத்தை விடாமல் வைத்திருந்ததால்தான். உன் ரூமில் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்கிறாய். அவர்களுக்குப் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. தூங்குமுன் கட்டிலில் உட்கார்ந்து சிலுவை போட்டு, செபமாலையில் ஒரு பத்து மணிகளாவது உருட்டிச் செபி. ஒளிக்க வேண்டாம், காட்டவும் வேண்டாம். கூட இருக்கிற இஸ்லாமியத் தம்பி தன் தொழுகைக்கு எழுந்திருப்பதை நீ பார்க்கிறாய் அல்லவா? அவன் உன்னைக் கேலி செய்ய மாட்டான், மதிப்பான்.

அடுத்தது, கோயிலில் ஒரு வேலையை எடுத்துக்கொள். பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் சீக்கிரம் காணாமல் போகிறான். பாடகர் குழு, வாசகம், நாற்காலி போடுவது, ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கும் நம்ம ஊர் மீன்பிடித் தொழிலாளியைப் போய்ப் பார்ப்பது, எதுவானாலும் சரி. உன்னை நம்பி ஒரு வேலை அங்கே இருந்தால் வராத வாரம் யாராவது போன் செய்வார்கள். உனக்குத் தேவை அந்தப் போன்தான் மக்கா.

ஓவர்டைம் பற்றிக் கடைசியாக. வீட்டுக் கடன் இருக்கிறது, புரிகிறது. மற்ற நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் செய், வெள்ளிக்கிழமை காலையை மட்டும் விற்காதே. சூப்பர்வைசரிடம் ஆரம்பத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், பிறகு கேட்டால்தான் சங்கடம். பெரிய வெள்ளி எப்படியும் விடுமுறை நாளில் வந்துவிடும். உயிர்ப்பு ஞாயிறுதான் வேலைநாளில் விழும், சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு என்கிற உயிர்ப்புப் பூசை முடிந்து வர நேரமாகிவிடும். அந்த ஒரு நாள் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து வை.