38 வயதில் அப்ரண்டிஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். இங்கே வேர்ஹவுஸில் இரவு வேலை, குறைந்தபட்ச ஊதியம். வயது 38. மனைவிக்குப் பகுதிநேர வேலை. இரண்டு குழந்தைகள், வாடகை வீடு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவியான யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சம் வருகிறது. எலெக்ட்ரீஷியன் ஆக ஆசை. நான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய நிறுவனம் என்னை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் பயிற்சிக் கட்டணத்தில் என் பங்காக 3,000 பவுண்டு கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் மணிக்கு 8 பவுண்டில் வேலை பார்த்துக் காட்டினால்தான் காலேஜில் பதிவு செய்வார்களாம். அந்த 3,000-க்கு அட்வான்ஸ்டு லேர்னர் லோன் (வயது வந்தோர் படிப்புக்கான அரசுக் கடன்) எடுப்பதா, வங்கியில் பெர்சனல் லோன் போடுவதா? டிகிரி இருப்பதால் அரசு நிதி கிடைக்காது என்கிறார்களே, உண்மையா? கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் இங்குள்ள சான்றிதழ் என்னிடம் இல்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்கிறாள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஏப்ரல் பிறந்து புதிய ஊதிய விகிதங்கள் வந்ததிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, உங்கள் மேலும்தான்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். டிகிரி தடையில்லை. படிக்கப்போவது உங்களுக்குப் புதிய திறனா என்றுதான் பார்ப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த பகுதி இருந்தால் பயிற்சிக் காலத்தையும் விலையையும் அதற்கேற்பக் குறைப்பார்கள். இயற்பியல் பட்டத்துக்கும் பைப்பில் வயர் இழுப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். கணக்கு, ஆங்கிலச் சான்றிதழ் கவலையையும் விடுங்கள். தொடங்கும்போது 19 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அது கட்டாயமில்லை என்று 2025 பிப்ரவரியிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது முதலாளியின் முடிவு.

இப்போது அந்த 3,000 பவுண்டு. லோன் எங்கே வாங்குவது என்று கேட்கிறீர்களே, இந்தப் பணத்தை நான் ஏன் தர வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? இங்கிலாந்தின் அப்ரண்டிஸ்ஷிப் நிதி விதிகளின்படி பயிற்சிக்கோ இறுதி மதிப்பீட்டுக்கோ அப்ரண்டிஸிடம் ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது. பாதியில் விட்டுப் போனாலும் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அட்வான்ஸ்டு லேர்னர் லோன் அப்ரண்டிஸ்ஷிப்புக்குக் கிடைக்கவே கிடைக்காது. கட்டணமே இல்லாத இடத்தில் கடனுக்கு என்ன வேலை?

அவர்கள் கேட்கும் தொகையையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் பயிற்சி நிதிக்காக அதில் 0.5% வரி கட்டுகின்றன, அதைத்தான் லெவி என்பார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் வயதுக்காரர் ஒருவரை எடுத்தால் பயிற்சிச் செலவில் அரசு 95% தரும், முதலாளி 5% தர வேண்டும். ஒவ்வொரு தொழிலின் பயிற்சிக்கும் இவ்வளவு விலை வரைதான் அரசு நிதி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதில் மிக உயர்ந்ததே 27,000 பவுண்டுதான். அதில் 5% என்றால் 1,350. அதாவது உச்சவரம்புக்குள் விலை பேசியிருந்தால், நான்கு பேர் வேலை பார்க்கும் அந்த நிறுவனம் முழுப் பயிற்சிக்கும் சேர்த்துத் தன் கையிலிருந்து போடுவது அதிகபட்சம் 1,350 பவுண்டு. உங்களிடம் கேட்பது 3,000. மீதி எதற்கு என்று கேளுங்கள். விலை உச்சவரம்பைத் தாண்டினாலும் கூடுதல் தொகை முதலாளியின் பொறுப்பு.

அறியாமல் கேட்டிருக்கவும் கூடும். சிறு முதலாளிகள் பலருக்கு இந்த விதிகள் தெரியாது. அப்படியானால் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். லெவி கட்டும் பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கிலுள்ள நிதியில் ஒரு பங்கை இன்னொரு முதலாளிக்கு மாற்றித் தரலாம். அது கிடைத்தால் அவர் அந்த 5%-ஐயும் கட்ட வேண்டியதில்லை. பயிற்சி நிறுவனத்திடம் கேட்டாலே ஆளைக் காட்டுவார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 18 வயதுப் பையனைவிட நீங்கள் அவருக்குச் செலவு அதிகம். அவனை எடுத்தால் அரசு 1,000 பவுண்டு தரும், உங்களுக்கு அது கிடையாது. 25 வயதுக்குட்பட்ட அப்ரண்டிஸ்களுக்கு முதலாளி நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் தொகை) கட்ட வேண்டியதில்லை, உங்களுக்குக் கட்ட வேண்டும். ஆண்டுச் சம்பளம் 15,392 என்றால் 5,000-க்கு மேலுள்ள தொகையில் 15%, கிட்டத்தட்ட 1,559 பவுண்டு. ஆனால் இவ்வளவு சிறிய நிறுவனத்துக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்று முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸில் ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை கழிவு பெரும்பாலும் கிடைக்கும், அதில் இது கரைந்துவிடலாம். அவர் முகம் சுளித்தால் இந்தக் கணக்கோடு போய் உட்காருங்கள், கடன் பத்திரத்தோடு அல்ல.

சரி, கட்டணம் போகட்டும். எல்லோரும் நிதி நிதி என்று அதையே பேசுகிறார்கள். குடும்பஸ்தர் ஒருவரை அப்ரண்டிஸ்ஷிப் பக்கம் வரவிடாமல் நிறுத்துவது முதல் வருடச் சம்பளம். உங்கள் மனைவி வயதைச் சொல்லிக் கேட்டாலும் அவர் மனதில் இருப்பது மாத வாடகைதான் என்று நினைக்கிறேன். அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

2026 ஏப்ரல் முதல் 21 வயதைத் தாண்டியவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு, அப்ரண்டிஸ் ஊதியம் 8 பவுண்டு. வாரம் 37 மணிநேரம் என்றால் ஆண்டுக்கு 24,454-க்கும் 15,392-க்கும் உள்ள வித்தியாசம். மாதம் 755 பவுண்டு குறைகிறது. இதைப் பார்த்ததுமே பலர் ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள், இது வரிக்கு முந்தைய தொகை. 12,570-க்கு மேலுள்ள பகுதியில் வருமான வரி 20%, நேஷனல் இன்சூரன்ஸ் 8% பிடித்தம் போய்க்கொண்டிருந்ததே, அதுவும் குறையும். பென்ஷன் பிடித்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கைக்கு வருவதில் குறைவது மாதம் சுமார் 544 பவுண்டு.

உங்களுக்கு ஏற்கெனவே யூனிவர்சல் கிரெடிட் வருகிறது. அப்ரண்டிஸாக இருந்தாலும் அது தொடரும், உங்களை வேலை பார்ப்பவராகத்தான் கணக்கில் எடுப்பார்கள். கைக்கு வரும் சம்பளம் 100 பவுண்டு குறைந்தால் கிரெடிட் 55 பவுண்டு கூடும். ஆக 544-இல் சுமார் 299 திரும்பி வரும். உண்மையான பள்ளம் மாதம் 245 பவுண்டு. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 755-க்கும் 245-க்கும் இடையில்தான் நீங்கள் போவதா நிற்பதா என்ற முடிவு இருக்கிறது. (விசாவில் அரசு உதவிகளுக்குத் தடை உள்ளவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குப் பள்ளம் 544-தான்.)

மாறும் மாதத்தில் ஒரு சிக்கல் வரும். வேர்ஹவுஸின் கடைசிச் சம்பளமும், எடுக்காத விடுமுறைக்கான பணமும், புதிய இடத்தின் முதல் சம்பளமும் யூனிவர்சல் கிரெடிட்டின் ஒரே மதிப்பீட்டு மாதத்துக்குள் (வருமானத்தைக் கணக்கெடுக்கும் ஒரு மாத காலம்) விழுந்தால், அந்த மாதம் கிரெடிட் வெகுவாகக் குறையும், சமயத்தில் ஒன்றுமே வராது. உங்கள் மதிப்பீட்டு மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்து வேலை விடும் தேதியை வையுங்கள். கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) அப்ரண்டிஸுக்குச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பி இருக்க வேண்டாம். வாரம் 195 பவுண்டுக்குள் சம்பாதிப்பவருக்குத்தான் அது. 8 பவுண்டு வீதம் 30 மணிநேரம் வேலை பார்த்தாலே 240 ஆகிவிடுகிறது. யாருக்குப் பயன்படும் என்று எழுதி வைத்தார்களோ!

இனி அந்த 8 பவுண்டைப் பற்றிச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். அது அப்ரண்டிஸ் சம்பளம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் சட்டம். 9, 10, 11 என்று எதையும் பேசலாம். 10 பவுண்டுக்குப் பேசி முடித்தாலே மேலே போட்ட 245 ஏறக்குறைய 140 ஆகிறது. 38 வயதுக்காரர் நேரத்துக்கு வருவார், வண்டி ஓட்டுவார், வாடிக்கையாளர் வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரலாம். இதற்கெல்லாம் விலை உண்டு, வாய் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்தது, 19 வயதைத் தாண்டியவருக்கு 8 பவுண்டு முதல் ஆண்டுக்கு மட்டும். 12 மாதம் முடிந்த மறுநாளிலிருந்து உங்கள் வயதுக்குரிய முழுக் குறைந்தபட்ச ஊதியம், அன்றைய விகிதத்தில். படிப்பு இன்னும் முடியவில்லையே என்று முதலாளி சொல்ல முடியாது. கணக்குப் போடும் மென்பொருளில் யாரும் விகிதத்தை மாற்றாததால் பதினைந்து, பதினாறு மாதம்வரை பழைய சம்பளமே ஓடுவது சாதாரணம். அந்தத் தேதியை இன்றே குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் நினைவூட்டுங்கள். காலேஜுக்குப் போகும் நாளும் சம்பள நாள்தான். அதைக் கழித்துவிட்டு நான்கு நாளுக்குச் சம்பளம் போட்டால் அது சட்டமீறல்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த ‘மூன்று மாதம் வேலை பார்த்துக் காட்ட வேண்டும்’ என்பது. அப்ரண்டிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, பயிற்சி தொடங்கவில்லை என்றால் நீங்கள் அப்ரண்டிஸே இல்லை. சாதாரணத் தொழிலாளி. 12.71 தர வேண்டும். 37 மணிநேர வாரத்துக்கு 13 வாரம் 8 பவுண்டு வாங்கினால் 2,265 பவுண்டு இழக்கிறீர்கள். அதோடு முதல் ஆண்டு என்ற கடிகாரமும் ஓடத் தொடங்காது, 8 பவுண்டு நடைமுறையில் பதினைந்து மாதமாக நீளும். ‘செல்ஃப் எம்ப்ளாய்டாக இருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று கட்டடத் தொழிலில் சொல்வதும் இதே வகைதான். அப்ரண்டிஸ் என்றால் ஊழியர், வரி பிடித்த பேஸ்லிப் கையில் வர வேண்டும். தகராறு என்றால் வேலைப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் பொது அமைப்பான ஏகாஸுக்கு (Acas) போன் செய்யுங்கள், ஆலோசனை இலவசம்.

அவர் எதற்கும் மசியவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கோபத்தில் சில ஆயிரம் பவுண்டு கட்டி ‘சில வாரங்களில் எலெக்ட்ரீஷியன்’ வகுப்பில் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். நேரடி வேலைச் சான்றுகளோடு என்விக்யூ (NVQ) லெவல் 3 என்ற தொழில் தகுதி, அதன் பிறகு ஏஎம்2 (AM2) என்ற செய்முறைத் தேர்வு, இவை இல்லாமல் முழுத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் என்று காட்டும் கோல்டு கார்டு கிடையாது. வகுப்பறை டிப்ளமாவை வைத்துக்கொண்டு சைட்டில் இடம் கிடைக்காமல் நிற்பவர்கள் நிறையப் பேர். மாலை வகுப்பில் லெவல் 2, 3 படித்துக்கொண்டே முழு ஊதியத்தில் எலெக்ட்ரீஷியன் மேட்டாக, அதாவது உதவியாளராகச் சேர்ந்து, பிறகு என்விக்யூ முடிப்பதும் ஒரு வழி. காலம் பிடிக்கும், ஆனால் சம்பளம் குறையாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. பெரிய வேர்ஹவுஸ் என்றால் கன்வேயரும் பொருள்களைப் பிரித்து அனுப்பும் சார்ட்டர் இயந்திரமும் இருக்கும், அவற்றைப் பழுதுபார்க்க ஆட்கள் இருப்பார்கள். லெவி கட்டும் நிறுவனமாக இருந்தால் பயிற்சிப் பணம் ஏற்கெனவே அவர்கள் கணக்கில் கிடக்கிறது, காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும். அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரையே இப்போதைய சம்பளத்தைக் குறைக்காமல் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் லெவல் 3-இல் அப்ரண்டிஸாக்கலாம். வீட்டு வயரிங் அல்ல, மோட்டாரும் கண்ட்ரோல் பேனலும்தான். இயற்பியல் படித்தவருக்கு அதுவே பிடிக்கக்கூடும். உங்கள் ஷிஃப்டின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நேரடி ஊழியரா, ஏஜென்சி வழியாகப் போகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஏஜென்சி என்றால் முதலில் நிரந்தர வேலைக்கு மாற வேண்டியிருக்கும். பேஸ்லிப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.